பாசண்டியின் வாக்குமூலம்

எங்கள் ஊரில் ஒருவரை ஒரு சொல்லால் அழைத்து ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமானால், அந்தச் சொல் முதலில் என் அலுவலகத்துக்கு நேரில் வந்து, தான் எங்கே பிறந்தது, பிறந்தபோது தனக்கு என்ன பொருள் என்று வாக்குமூலம் தர வேண்டும். நான் கிராம நிர்வாக அலுவலர். யாரையும் எளிதில் நம்ப மாட்டேன்.

சைக்கிள் கடை பொன்னுரங்கம் ஒரு பாசண்டி என்று ஊரார் மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சமயத்துக்கு விரோதி, எந்தச் சாமிக்கும் ஆகாதவன் என்று பொருளாம். தேர் கடை வாசலில் வந்து நின்றபோதும் அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாராம். மனுவில் கையெழுத்துப் போடாதவர்கள் அவரும் அவர் மனைவியும்தான். அந்த அம்மாவுக்கு எட்டாம் மாதம். வெள்ளிக்கிழமைக்குள் இருவரும் கிளம்ப வேண்டும்.

புதன்கிழமை காலைப் பேருந்தில் சொல் வந்திறங்கியது. வெளுத்த சட்டை, கையில் மஞ்சள் பை. பொன்னுரங்கம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பாரோ என்று அதன் கைகளை முகர்ந்து பார்த்தேன். ரப்பர் பசை வாசனை இல்லை.

"பிறந்த ஊர்?"

"வடக்கே எங்கியோ சார். ரொம்ப நாளாச்சு."

"அப்போ என்ன பொருள்?"

"சாமி, பூசைன்னு சேர்ந்த எந்தக் கூட்டத்தையும் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. திட்டு இல்ல சார், சும்மா பேரு."

"அப்புறம்?"

"ஒவ்வொரு கூட்டமும் என்னை எதிர்வீட்டுக்கு அனுப்பிவச்சாங்க. யாரும் திரும்பக் கூப்பிடல."

விதிப்படி பிறந்தபோதிருந்த பொருளே செல்லும். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். திருநீறு இருந்தது. எந்தக் கூட்டத்திலும் சேராதவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஆகவே மற்ற எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மூட்டைகளோடு கிளம்பினோம். யாரும் தகராறு செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் உண்மையிலேயே கிளம்புகிறானா என்று மட்டும் ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டோம். பொன்னுரங்கம் எல்லைக் கல்வரை வந்து எங்கள் சைக்கிள்களுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். எல்லைக் கல்லைத் தாண்டிப்போய் வயலில் உட்கார்ந்தோம். அவர்கள் குழந்தையாவது ஊருக்குள் பிறக்கும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

எல்லைக் கல்லில் ஊர்ப் பெயர் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கும். வெளியூர்க்காரர்கள் படிப்பதற்காக அது. சற்று நேரத்தில் கல் மெல்லத் திரும்பி, அந்தப் பக்கத்தைப் பொன்னுரங்கத்துக்குக் காட்டியபடி நின்றுகொண்டது. அவர் பம்பும் கையுமாக அதைப் படித்தார். எங்களோடு வந்து உட்கார்ந்திருந்த சொல் தன் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்து போனது.

நான் பதிவேட்டைத் திறந்து, பொன்னுரங்கம் மனைவியோடு வெள்ளிக்கிழமை ஊரைவிட்டு வெளியேறினார் என்று எழுதினேன்.