விடிந்தால் ஞாயிறு

அக்கா வீட்டுப் படிக்கட்டில் பாதி ஏறியதும் அவரை நிறுத்தினேன்.

"உள்ள போய் கிழமையைப் பத்தி மட்டும் பேசிடாதீங்க."

"எந்தக் கிழமை?"

"எதுவும் வேண்டாம்."

"இன்னைக்கு என்ன கிழமைன்னு அவங்களே கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லிடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே மேலே பார்த்தார். லிஃப்ட் இல்லாத கட்டடம். பழுது பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் அவருக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியாது. சட்டைப் பையிலிருந்த சிறிய டார்ச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை நான்காவது மாடியில் இருக்கிறது. அந்த லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும், அவர் அடிக்கடி வருவார். ஒருநாள் அவருடைய கண்ணாடியின் தளர்ந்த திருகை நான் இறுக்கிக் கொடுத்தேன். அப்புறம் அது அடிக்கடி தளர ஆரம்பித்தது. இப்போது இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. யாரையும் கேட்க வேண்டிய வயதில்லை. ஆனால் அம்மா இறந்தபோது என்னை வளர்த்தவள் அக்கா. அவள் என் பக்கத்தில் நடந்து வராமல் கல்யாணக் கூடத்துக்குள் நான் நுழையமாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவரிடம் அக்கா கண்ட குறை ஒன்றுதான். அவருடைய சபையார், இயேசு உயிர்த்தெழுந்தது சனிக்கிழமை சாயங்காலம் என்று நம்புகிறவர்கள். அக்கா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஞாயிறு பள்ளியையும் அவள்தான் நடத்துகிறாள். "ஞாயித்துக்கிழமையையே ஒத்துக்காத மனுஷனுக்கு உன்னைக் கட்டிக்கொடுத்துட்டு எந்த மூஞ்சியோட நான் ஆராதனைக்குப் போறது?" என்று கேட்டுவிட்டாள். அதைக் கேட்ட அத்தான், "பாவம், மாப்பிள்ளையைச் சனி பிடிச்சிருக்கு" என்றார். அன்று அத்தானுக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

கதவைத் திறந்த அக்கா, "வாங்க" என்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். மேசையில் பிஸ்கட் தட்டு, நான்கு கோப்பைகள். கோப்பைகளுக்கு நடுவே, விரித்து வைத்த அவளுடைய வேதப் புத்தகம், அதன்மேல் வாசிக்கிற கண்ணாடி. அதைப் பார்த்ததும் நான் படிக்கட்டில் சொன்னதெல்லாம் வீண் என்று புரிந்தது.

தேநீரை ஊற்றி முடிக்கும்வரை பொறுத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களுக்குக் காய்ச்சல் வருது. ஞாயித்துக்கிழமை காலைல டாக்டர்கிட்ட எத்தனை நாளாக் காய்ச்சல்னு சொல்லுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

"மூணு நாளாச்சுன்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதான். வெள்ளி, சனி, ஞாயிறு. மூணாம் நாள் எழுந்தார். கணக்கு சரியா இருக்கா?"

"சரிதான் அக்கா. ஆனா மூணு ராத்திரியாத் தூங்கலைன்னு சொல்லமாட்டேன். மூணு ராப்பகல்னு இயேசுவே சொல்லியிருக்காரில்ல?"

அத்தான் நாளிதழைத் தாழ்த்தினார். அக்காவின் முகத்தில் ஒரு களை வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து நல்ல கேள்வி வந்தால் வருகிற களை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அது பேச்சுவழக்கு. ராப்பகலா உழைச்சேன்னு சொல்றோம், நிஜமாவே ராத்திரியும் உழைச்சோமா? போகட்டும். இயேசுவோட கல்லறைக்கு அந்தப் பெண்கள் எப்பப் போனாங்க?"

"வேதத்துல ஒருத்தர் இருட்டோடன்னு எழுதறார். இன்னொருத்தர் சூரியன் உதிக்கறப்பங்கறார்."

"வீட்டை விட்டுக் கிளம்பறப்ப இருட்டு. போய்ச் சேர்றப்ப வெளிச்சம்."

"நல்ல தூரம்போல" என்றார் அத்தான்.

"நீங்க பேப்பரைப் படிங்க."

"அக்கா, எத்தனை மணிக்குப் போயிருந்தாலும் அங்க ஒண்ணும் இல்லை. அப்படின்னா அதுக்கு முன்னாடியே எழுந்துட்டார். ஓய்வுநாள் முடிஞ்சு முதல் நாள் விடிந்து வருகையில்னு ஒரு இடத்துல இருக்குல்ல? எங்க சபையில சொல்லுவாங்க, மூல பாஷையில அதுக்குத் தொடங்கறப்பன்னும் ஓர் அர்த்தம் உண்டுன்னு. யூதர்களுக்குப் பொழுது சாய்ஞ்சாலே மறுநாள் தொடங்கிடுது. ஆகவே அது சனிக்கிழமை சாயங்காலம்."

அக்கா புத்தகத்தின் மேலிருந்த கண்ணாடியை எடுத்து நகர்த்தி வைத்தாள். "எனக்கு மூல பாஷை தெரியாது. தமிழ் தெரியும். தமிழ்ல விடியறதுன்னா விடியறதுதான். சாயங்காலத்துல எவனுக்குத் தம்பி விடியும்?"

தம்பி என்றாள். அவளே கவனித்தாளா என்று தெரியவில்லை.

"சரி, சாயங்காலம் எழுந்தாருங்கறீங்களே, பார்த்தது யாரு?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரும் பார்க்கலை. காலைல எழுந்ததை மட்டும் யார் பார்த்தாங்க அக்கா?"

 கேள்வி அக்காவுக்கு. ஆனால் அது வந்து விழுந்தது என் மடியில்.

உண்மைதான். இயேசுவின் கதையை நான்கு பேர் எழுதினார்கள். நான்கு பேருமே, போய்ப் பார்த்தவர்களைத்தான் எழுதினார்கள். கல் புரண்டிருந்தது, உள்ளே ஆள் இல்லை. எழுந்த நொடியை ஒருவரும் எழுதவில்லை. என்னையும் ஆட்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். இந்த வயசுல எப்படி, எப்போ ஆரம்பிச்சது என்று கடையில் கூட வேலை செய்யும் பெண் கேட்டாள். திருகை இறுக்கிய நாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது சும்மா சொல்வது. கணவர் போன பிறகு என் நெஞ்சில் ஒரு கனம் இருந்தது. காலையில் கண் விழித்ததும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், இருக்கும். அதற்குப் பழகியும் விட்டேன். அப்புறம் ஒரு நாள் அவசர அவசரமாகக் கடைக்குக் கிளம்பி, பாதி வழியில், இன்று தொட்டுப் பார்க்கவில்லையே என்று நினைவு வந்து தேடினேன். இல்லை. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அன்று காலையாக இருக்கலாம். முந்தின வாரமே போயிருக்கலாம். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரமாகவும் இருக்கலாம். போனது போனதுதான், நேரம் தெரியவில்லை என்பதற்காக அது போகாமல் இல்லை.

இதை அவர்களிடம் சொல்லவில்லை. "தேநீர் ஆறுது" என்றேன்.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அத்தான் எழுந்து விளக்கைப் போட்டார். இன்னும் அரைச் சுற்று வாதம் நடந்தது. அவரும் விடவில்லை, அக்காவும் விடவில்லை. ஆனால் பிஸ்கட் தட்டு அவர் பக்கமாக நகர்த்தப்பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அக்கா கடிகாரத்தைப் பார்த்துப் பதறி எழுந்தாள்.

"ஐயோ, பேசிட்டே உட்கார்ந்துட்டேன். விடிஞ்சா ஞாயிறு. துணி ஒண்ணுகூடத் தேய்க்கலை."

அத்தான் நாளிதழை மடித்தார். மிக மெதுவாக மடித்தார்.

"இப்ப என்ன சொன்னே?"

"துணி தேய்க்கலைன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"விடிஞ்சா ஞாயிறு..." அக்கா நின்றுவிட்டாள்.

"இன்னைக்கு சனிக்கிழமை. நேரம் சாயங்காலம். உன் வாயில விடிஞ்சிருச்சு" என்றார் அத்தான்.

என் பக்கத்திலிருந்தவர் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கே தாங்கவில்லை. தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"நாக்கு சொன்னது. வேதத்துல அப்படி இல்லை" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான் ஒத்துக்கலை. அதை மட்டும் சொல்லிட்டேன்."

"நானும்தான் அக்கா" என்றார் அவர்.

சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அம்மா போனதிலேருந்து உயிர்த்த ஞாயிறு அன்னைக்கு விடியக்காலைல நானும் இவளும்தான் ஆராதனைக்கு நடந்து போவோம். இருட்டோட கிளம்புவோம். கல்யாணமான வருஷங்கள்லகூட இவ வந்துட்டா. உங்க வீட்ல அந்தக் காலை ஒண்ணுமில்லாத காலை. இவ அன்னைக்குத் தூங்கிக்கிட்டு இருப்பா. நான் மட்டும் தனியாப் போகணும், இல்லையா?"

இத்தனை நாள் அவள் சண்டை போட்டது எதற்காக என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூடவே வளர்ந்தும் தெரியவில்லை. அவளைப் பார்க்க முடியாமல் அவரைப் பார்த்தேன். வாயைத் திறந்து இவர் ஏதாவது வசனம் சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது.

அவர் யோசித்தார். பழுதான பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கும்போது யோசிப்பதுபோல.

"எதுக்கு அக்கா தனியாப் போகணும்? இவங்க உங்ககூடத்தான் வருவாங்க. வேணும்னா நானும் வர்றேன். எப்பப் போய்ப் பார்த்தாலும் அந்தக் கல்லறை காலியாத்தானே இருக்கப் போகுது?"

 அக்கா தட்டில் கிடந்த துகள்களை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

"உங்க சபைக்காரங்க எப்பக் கூடுவாங்க?"

"சனிக்கிழமை, பொழுது சாய்ஞ்சதும். இன்னைக்கு மட்டும் போகலை."

"அப்போ கல்யாணத்தை ஒரு சனிக்கிழமை சாயங்காலமே வச்சுக்கலாம். உங்களுக்கு அது ஞாயிறு. எங்களுக்கு..." அத்தானைப் பார்த்து நிறுத்தினாள். "நீங்க வாயைத் திறக்காதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அத்தான். "விடிஞ்சா ஞாயிறு."

அவள் துணி தேய்க்கும் மேசையை விரிக்கப் போனாள். பாதி வழியில் திரும்பி, அவருடைய சட்டைப் பையைச் சுட்டிக் காட்டினாள்.

"அந்த டார்ச் நல்லா எரியுமா தம்பி?"

"லிஃப்ட் குழிக்குள்ள இறங்க வச்சிருக்கறது அக்கா. நல்லா எரியும்."

"அன்னைக்கு விடியக்காலைல வர்றப்ப மறக்காம எடுத்துட்டு வாங்க. எங்களோடது ரெண்டு வருஷமா மினுக் மினுக்குங்குது. போன தடவை இவ பள்ளத்துல காலை விட்டுட்டா."

"நான் இல்ல, நீதான் விட்டே" என்றேன்.

"யார் விட்டா என்ன" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். அவர் டார்ச்சை எடுத்து ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தார்.