பூதத்தின் வாய்

...காலாவதித் திகதி முடிந்தே எட்டு மாதம், எட்டு மாதமாகவா ஒரு பிள்ளை சொக்லட்டைத் தின்னாமல் வைத்திருக்கும், அதுவும் மூன்றாம் தரத்துப் பிள்ளை, ஐஸ்பழ வண்டியின் மணி கேட்டாலே கரும்பலகையை மறந்துவிடுகிற வயது... தெல்தெனியவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த நிரஞ்சலா டீச்சர் அந்தப் பக்கற்றை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். ஒரு மூலை நசுங்கியிருந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துண்டில் பேனையால், நிரோ பாப்பாவுக்கு. இந்த எழுத்தைக் காலையிலேயே பார்த்திருக்கலாமே, கையில்தானே இருந்தது, வகுப்புக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து, இது என்ன பிள்ளையள் என்று கேட்டபோது கண் எங்கே போயிருந்தது? குப்பைச் சாப்பாடு டீச்சர் என்று முப்பத்திரண்டு பிள்ளைகளும் கூரை கிளம்பக் கத்தினார்கள். நிரோஷாவும் கத்தினாள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது, அவளும் சேர்ந்தல்லவா கத்தினாள்.

எல்லாம் அந்தப் பூதத்தால் வந்தது. பூதத்தை என்ன சொல்ல, அது வெறும் அட்டைப் பெட்டி, செய்தவள் இவள்தானே, பல்லும் நாக்கும் கீறி, வெள்ளிக்கிழமை தோறும் பைக்குள் கூடாத தீனி வைத்திருக்கும் பிள்ளை தானாகவே வந்து பூதத்தின் வாயில் போட வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்தவர்கள் படமெடுத்துக்கொண்டு போனார்கள், இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படிப் பாடம் நடத்திவிட்டு ஆசிரியர் அறையில் கட்லட்டும் சீனி தூக்கலான தேத்தண்ணியும், அதை எந்தப் பூதம் வந்து கேட்டது? இன்றைக்கு, பைகளைப் பார்க்கும் காவலர் என்று சட்டையில் பட்டி குத்திய பிள்ளை நிரோஷாவின் பையைக் கிளறி, டீச்சர் இவகிட்ட சொக்லட் இருக்கு என்றது. சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒழுங்காக இருந்தன, அதை யார் பார்த்தார்கள்? நிரோஷா எழுந்து வந்தாள், போட்டாள், கைதட்டல் முடியும்வரை நின்றாள். இடைவேளையில் பார்த்தால் பூதத்தின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டபடி நிற்கிறாள்... சீ, அழுக்கு, கையை எடு பிள்ளை என்று அதட்டி, குழாயடிக்குக் கூட்டிப்போய், தானே சவர்க்காரம் போட்டு, விரல் விரலாக... அந்தச் சின்னக் கை எதிர்க்கவே இல்லை. "டீச்சர், பூதம் இன்னைக்கே தின்னுருமா?" இவள் சிரித்தாள், கடவுளே, சிரித்தாள். "ஓம், ஒண்டும் மிச்சம் வையாது."

பள்ளி விட்டபின் பெட்டியைக் கொட்ட வந்த துப்புரவுக்காரி கஜலட்சுமிதான் பக்கற்றை அடையாளம் கண்டாள், அவளும் நிரோஷா இருக்கும் அதே தோட்டத்து லயத்துக்காரி. "இது அந்தப் புள்ளயோட அம்மா குவைத்துல இருந்து அனுப்புனது டீச்சர். பொங்கலுக்கு அப்புறம் போனும் இல்ல, ஒரு தகவலும் இல்ல. புள்ள இத வச்சுக்கிட்டுத்தான் படுக்கும்." பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டாள், "குடுங்க, போறப்போ குடுத்துட்டுப் போறேன்."

வேண்டாம், திங்கட்கிழமை நானே குடுக்கிறன் என்று ஏன் சொன்னாள்? ஏன் அப்படிச் சொன்னாள்... கொடுத்திருந்தால் இந்நேரம் அது பிள்ளையின் கையில் இருக்குமே. தானே கொடுக்க வேண்டும், பிள்ளையின் முகம் மலர்வதைத் தானே பார்க்க வேண்டும், டீச்சர் நல்லவ என்று அந்த வாயால் கேட்க வேண்டும், அதற்காகவா? அதற்காகத்தான். பஸ் குண்டசாலையைத் தாண்டியிருந்தது, கஜலட்சுமி எப்போதோ லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள், அவளுடைய நம்பர்கூட இவளிடம் இல்லை. இன்று வெள்ளி. இன்றிரவு, நாளை, நாளையிரவு, ஞாயிறு... எல்லாவற்றையும் பூதம் தின்றுவிட்டதென்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை எதை வைத்துக்கொண்டு படுக்கும்?