ஆள் இரண்டு, சைக்கிள் ஒன்று

கடையில் இருந்தவர்கள்: சைக்கிள் கடைக்காரர், என் அக்கா, நான். இன்னொருவரும் இருந்தார். எதுவும் வாங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்த அவரைக் கணக்கில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

எங்கள் வீட்டில் ஆள் இரண்டு, சைக்கிள் ஒன்று. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். காலையில் நான் வந்து இறங்கியதும் அக்கா ஏறித் தையல் கம்பெனிக்குப் போவாள். சீட்டில் சூடு ஆறுவதே இல்லை. டயர் இரண்டும் நூல் தெரியத் தேய்ந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பஞ்சர்.

கடைக்காரர் இரண்டு ரகம் எடுத்துப் போட்டார். ஒன்று விரலால் அழுத்தினால் அசையவில்லை. மற்றது செருப்பு வார் மாதிரி வளைந்தது. நல்லதில் ஒன்று வாங்கும் காசுக்கு மலிவில் இரண்டு சக்கரத்துக்கும் போட்டுவிடலாம்.

“நல்லதே போடுடா,” என்றாள் அக்கா. “இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வீட்டுலயே இருந்துக்கோன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்.” சொல்லிவிட்டு, பழைய டயரைக் கழற்றுவதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்த வெளியே போனாள்.

“ரெண்டும் ரப்பர்தானே?” என்றேன் கடைக்காரரிடம்.

“ரப்பர்தான். ஸ்கூல் பையன் அழிக்கிறானே, அதுவும் ரப்பர்தான்.”

ஸ்டூல்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அதற்கப்புறம் நான் இறங்கி வருவதாக இல்லை.

“ரோடு எப்படி தம்பி? பின்னாடி பாரம் ஏத்துவீங்களா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“நல்ல தார் ரோடு. நான் ஒருத்தன்தான். பாரமெல்லாம் கிடையாது.”

பொய் சொல்லவில்லை. இரவில் அந்தச் சைக்கிளில் நானும் என் சாப்பாட்டு டப்பாவும்தான். சாயங்காலம் நான் கண் விழிக்கும்போது, அக்கா பட்டன் தைக்கக் கொண்டுவந்த துணிமூட்டை மூலையில் கிடக்கும். அது எதில் வந்தது என்று நான் யோசித்ததேயில்லை.

மலிவு டயரையே இரண்டு சக்கரத்துக்கும் போடச் சொன்னேன். கொஞ்ச நாள் ஓடியது. மிச்சம் பிடித்ததை நானும் இரண்டு மூன்று தடவை சொல்லிக்காட்டினேன்.

அன்று காலை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். சட்டையைக் கழற்றுவதற்குள் வெடி மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்தேன். கேரியரில் மூட்டை, சீட்டில் அக்கா. ஒரு கால் தரையில். பின் டயர் பக்கவாட்டில் வாய் பிளந்து, ட்யூப் நாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“யாராவது இவ்வளவு ஏத்துவாங்களா?”

“தினமும் இதத்தான்டா ஏத்துறேன்.”

“கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?”

“கேட்டியா நீ?”

சக்கரத்தை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது. அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. அவள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். மூட்டையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கிடங்கில் இரவெல்லாம் தூக்கிய தோள். அவள் முன்னால் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனாள். அவள் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கடைக்காரனைத் திட்டினேன், ஸ்டூல்காரனைத் திட்டினேன், டயர் செய்தவனைத் திட்டினேன். மூச்சு வாங்கியதில் எதுவும் வெளியே வரவில்லை.

கம்பெனி கேட் சாத்தியாகிவிட்டது. உள்ளே மிஷின்கள் ஓடும் சத்தம். அக்கா தகரத்தைத் தட்டினாள். கேட்டிலிருந்த சின்னக் கதவைத் திறந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா நீ, இன்னிக்குப் போயி...”

“டயர் வெடிச்சிருச்சுண்ணே.”

“என்கிட்ட சொல்லி என்ன? சூப்பர்வைசர் உன்னை ஆபீஸ் ரூமுக்கு வரச் சொன்னாரு.”

நான் மூட்டையை இறக்கப் போனேன்.

“அது அங்கேயே இருக்கட்டும் தம்பி. அவங்க மட்டும் வரட்டும்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். என்னைப் பார்க்காமலே குனிந்து உள்ளே நுழைந்தாள். அவள் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு பூட்டு.