ஈரத்துணியும் இரண்டு முடிச்சும்

"யாரும் பாக்காதப்ப சாமி என்னம்மா பண்ணும்?"

ஆனியின் மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்து, தாயும் மகளும் தேக்கா சந்தைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். "வேகமா நட, மீன் தீர்ந்திடும்" என்று ஆனி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

மறு வருடம், 1962இல், சாங்கிக் கடற்கரைப் பக்கம் இருந்த சிறிய வானிலை நிலையம் ஒன்றில் ஆனிக்குப் பயிற்சி வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி தையற்கடையில் பொத்தான் தைக்கப் போகவேண்டியதுதான். கணவன் போனபின் அந்தப் பொத்தான்கள்தான் இரண்டு வயிற்றையும் அரைகுறையாக நிரப்பின. துக்க வீட்டுக்கு அழுதுகொண்டே வந்த சொந்தக்காரர்கள், போகும்போது அவளுடைய தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து யார் சிரித்தாலும், இவர் எதைத் தூக்க வந்திருக்கிறார் என்றுதான் ஆனிக்குத் தோன்றும்.

நிலையத்தில் மூத்தவர்கள் இரண்டு பேர். துரைசாமி அதிகம் பேசமாட்டார். அப்துல் கையூம் பேச்சை நிறுத்தமாட்டார். முதல் நாளே துரைசாமி அவளைப் புல்வெளிக்கு அழைத்துப்போய், நான்கு கால்களில் நின்ற வெள்ளைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருந்தது. மற்றதன் குமிழில் மெல்லிய துணி சுற்றி, அதன் நுனியை விரல் நீளக் குப்பித் தண்ணீரில் விட்டிருந்தார்கள்.

"ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த வச்சுத்தாம்மா காத்துல எவ்வளவு ஈரம்னு கணக்கு. கண்ண பாதரசத்துக்கு நேரா வச்சுப் படிங்க."

இரண்டாவது வாரம் அவர் மறுபடி வந்தார். "ஏம்மா, அந்தக் குப்பி..."

"நான் என்ன தப்பு பண்ணேன்? எதுனாலும் மேல எழுதிக் கொடுத்துடுங்க" என்றாள் ஆனி.

"ஒண்ணுமில்லம்மா" என்று அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவள் கவனித்தாள். அவள் மதிய அளவு எடுக்கப் போவதற்குக் கால் மணி நேரம் முன்னால், துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு துரைசாமி அந்தப் பெட்டிக்குப் போய்வருகிறார். தன் அண்ணன் மகனுக்குத்தான் அவர் இந்த வேலையைக் கேட்டிருந்தார் என்று வெளியே தேநீர்க்கடையில் யாரோ பேசியதும் அவள் காதில் விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். தன் அளவுகளைக் கெடுக்கிறார் என்று முடிவுகட்டினாள்.

மறுநாள் காலை, பெட்டியின் கொக்கியில் வெள்ளை நூலை ஒற்றை முடிச்சாகக் கட்டி வைத்தாள். மதியம் பார்த்தால் நூல் இருந்தது. ஆனால் இரண்டு முடிச்சு. திறந்துவிட்டுத் தடம் தெரியாமல் திரும்பக் கட்டியிருக்கிறார். மூன்று நாள் சோதித்தாள், மூன்று நாளும் அப்படியே. நான்காம் நாள் அதிகாரிக்குப் புகார் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவர் வரும்போது கையில் கொடுத்துவிட வேண்டும்.

அந்தப் புதனும் வியாழனும் துரைசாமி வரவில்லை. காய்ச்சலாம். இரண்டு நாளும் மதியம் நூலில் ஒற்றை முடிச்சுதான் இருந்தது. வியாழன் மதியம் இரண்டு வெப்பமானிகளும் பாரன்ஹீட்டில் எண்பத்தெட்டு காட்டின. யாரும் கை வைக்காத அளவு என்று நிம்மதியாக எழுதிக் கொண்டுவந்தாள்.

கையூம் ஏட்டைப் பார்த்தார். "ஏம்மா ஆனி, வெளிய என்ன தெரியுது?"

"வெயில்."

"மண்டையப் பொளக்குற வெயில். ரெண்டும் ஒரே அளவுன்னா காத்து முழுக்க ஈரம். நீங்க எழுதினதப் பாத்தா நாம கடலுக்கு அடியில உக்காந்திருக்கணும் லா."

"இதுதான் அண்ணே நெசம். இத்தன நாளா துரைசாமி அண்ணன் அதுல கை வச்சிருக்காரு."

கையூம் சிரிக்கவில்லை. அலமாரியில் ஏடுகளுக்குப் பின்னாலிருந்து, ஒட்டிய பெயர்த்தாள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த ஒரு ஹார்லிக்ஸ் போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்தார். ஆனி பின்னால் போனாள். பெட்டிக்குள் குப்பி வறண்டு கிடந்தது. துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

"கடக்காத்துல குப்பித் தண்ணி ரெண்டு நாள் தாங்காது. கொழாத்தண்ணி ஊத்தினா துணியில உப்பு படியும். அதனால துரைசாமி, தான் குடியிருக்குற பிடோக் கம்பத்து ஊருல மழத்தண்ணி புடிச்சு, வடிகட்டி, சைக்கிள்ல கொண்டாருவாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தாரே. நீங்கதான எழுதிக் கொடுங்கன்னீங்க. 'அந்தப் புள்ள பயந்து கெடக்கு கையூமு, வேல நெரந்தரமாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்'னாரு."

"அவரு அண்ணன் மகன்..."

"அவனா? தொறமுகத்துல சேந்து ரெண்டு வருசம் ஆச்சு."

ஆனி கொக்கியைப் பார்த்தாள். "அப்ப இந்த நூலு?"

"நீங்க ஏதோ வேண்டுதலுக்குக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சாரு. 'பாத்து அவுழு, அறுத்துப்புடாத, காத்துல போயிடாம ரெண்டு முடிச்சா போடு'ன்னு எனக்கே பாடம் நடத்தினாரு."

கையூம் அவள் பக்கம் திரும்பாமல் துணியை நனைத்து, குப்பியை நிரப்பி, கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். இப்போது ஈர வெப்பமானி எழுபத்தொன்பது காட்டியது. ஏட்டில் எழுதியதை ஆனி அழிக்கப் போனாள்.

"அழிக்கக்கூடாதும்மா. ஒரு கோடு போட்டு, சரியானத பக்கத்துல எழுதி, நேரத்தையும் போட்டு, கையெழுத்து வைங்க."

"அதிகாரி பாத்தா?"

கையூம் ஒரு பழைய ஏட்டை விரித்துக் காட்டினார். துரைசாமி சேர்ந்த வருடத்து ஏடு. பக்கத்துக்குப் பக்கம் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இளவயதுக் கையெழுத்து.

புகார்க் கடிதத்தை ஆனி அன்று மாலை பேருந்தில் துண்டு துண்டாகக் கிழித்தாள்.

சனிக்கிழமை மழை கொட்டியது. வீட்டுப் பின்கட்டில் கழுவிய பாத்திரத்தை வைத்து நீர் பிடித்தாள். "எதுக்கும்மா?" என்றாள் மகள். "ஒருத்தருக்குத் தரணும்" என்று சொல்லி, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினாள்.

திங்கட்கிழமை முதல் பேருந்தில் போய் இறங்கினாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டுத் தேநீருக்குப் போயிருந்தான். துரைசாமி அன்றுதான் திரும்பி வருகிறார். வேலை நிரந்தரமாகுமா என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

பெட்டியைத் திறந்து, கொண்டுவந்த மழைநீரால் குப்பியை நிரப்பினாள். நூலை இரண்டு முடிச்சாகப் போட்டாள். பிறகு உள்ளே வந்து, அடியில் கொஞ்சமே மிச்சமிருந்த ஹார்லிக்ஸ் போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, வெளிப்பக்க ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். ஏடுகளுக்குப் பின்னால், துரைசாமி வைக்கிற மூலையிலேயே, அவர் வைக்கிற மாதிரியே, ஒட்டிய பெயர்த்தாள் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள்.