நீராவிக்கு அனுமதி

காகித ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீராவி வால்வைக் கையாலேயே திருகியிருக்கிறாள். பிறகு, சொன்ன சூட்டை அப்படியே பிடித்து நிறுத்தும் கருவி வந்தது, கை ஓய்ந்தது. இப்போது வந்திருப்பது தானே கற்றுக்கொண்டு, நடக்கப்போவதை முன்கூட்டியே கணிக்கும் அமைப்பு. அதை அதன் போக்கில் விட மேலாளருக்குப் பயம். அதனால் எதைச் செய்வதற்கு முன்பும் அது அவளிடம் அனுமதி கேட்கும். கூட இருந்த இரண்டு பேரையும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

வேகத்தைக் குறைக்கட்டுமா? சரி. சூட்டை ஏற்றட்டுமா? சரி. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தாள். அது கேட்டதில் ஒரு குறையும் இல்லை. போகப்போகக் கண் எரிந்தது, விரல் மட்டும் வேலை செய்தது. வீட்டிலும் மகள் பேசி முடிப்பதற்குள் "சரி" என்றாள்.

"நான் என்ன கேட்டேன்னு சொல்லும்மா பாக்கலாம்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஒரு மதியம், பழுது பார்த்த உலர்த்தும் உருளைக்கு நீராவி விடலாமா என்று திரை கேட்டது. அழுத்திவிட்டாள். பழுது பார்த்த ஃபிட்டர் அங்கே இன்னும் குழாய் இணைப்பை முடுக்கிக்கொண்டிருந்தார். அலறல் மாடியிலிருந்த கட்டுப்பாட்டு அறைவரை கேட்டது. அவள் ஓடிப்போய் வால்வை மூடினாள். அவருடைய முன்கை வெந்திருந்தது.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். "அது உங்ககிட்ட கேட்டுச்சு இல்ல?"

"கேட்டுச்சு சார். நாள் பூரா கேட்டுக்கிட்டேதான் இருக்கு. நான் பதில் சொல்றேனா, சும்மா தலையாட்டுறேனான்னு எனக்கே தெரியல."

அந்த அமைப்பைப் பொருத்திய மென்பொருள்காரரும் அங்கே இருந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆள் நிக்கிறது அதுக்குத் தெரியாது சார். சின்ன விஷயத்தை அதுவே பாத்துக்கட்டும். ஆள் உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் கேக்கட்டும்."

மேலாளர் அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

இப்போது திரை பெரும்பாலும் பேசுவதில்லை. எப்போதாவது கேட்டால் அவள் எழுந்து இரும்புப் படிகளில் இறங்குகிறாள். உருளையைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்கிறாள். முழங்கால் விட்டுப்போகிறது.

கட்டு பிரிக்காத கையோடு ஃபிட்டர் திரும்பி வந்தார். "எதுக்குக்கா இப்படி ஏறி இறங்குறீங்க? மேலேருந்து ஒரு போன் போட்டா நான் சொல்ல மாட்டேனா?"

"நீங்க சொல்லுவீங்க. எனக்குத்தான் பாக்காம முடியல" என்றாள். கைப்பிடியைப் பிடித்து, ஒரு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே ஏறினாள்.