நிற்கிற எஞ்சின் என்ன செய்யும்

நாகர்கோவில் ஸ்டேஷனில் அந்தச் சனிக்கிழமை கூடிய கூட்டத்தில் பாதிப்பேர் ஸ்மைலினுக்குச் சொந்தக்காரர்கள். கன்னியாகுமரி வரை போய்வர ஒரு பழைய நீராவி எஞ்சினைச் சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அதோடு வந்த ஃபிட்டர்களில் அவளும் ஒருத்தி. குழித்துறைக்காரி, ஊர்ப்பேச்சு தெரிந்தவள் என்று சொல்லி, எஞ்சினைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அவளைக் காவல் வைத்துவிட்டார் எஞ்சினோடு வந்த இன்ஸ்பெக்டர். நம் ஆட்களுக்கு நம் பேச்சில் சொன்னால் கேட்பார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். பாவம், நம் ஆட்களோடு பழகாத மனிதர். கயிறு கட்டுவதே குனிந்து உள்ளே போவதற்குத்தான் என்று நினைக்கிறவர்கள் நாம்.

வேனில் வந்து இறங்கியவர்களில் முதலில் நடந்து வந்தவர் அவளுடைய மாமனார் யேசுரத்தினம். வாழைத்தோட்டம் உண்டு, சபைக் கமிட்டியின் செயலாளர் பதவி உண்டு. சாப்பாடு ஒருவேளை குறைந்தாலும் பொறுப்பார், மரியாதை குறைந்தால் பொறுக்கமாட்டார். கல்யாண வீட்டில் தன்னைக் கண்டு யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தே இருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மறக்காது. மருமகள் ஸ்பானர் பிடிக்கிற வேலை பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஊரில் கேட்பவர்களிடம் ரயில்வேயில் ஆபீஸ் வேலை என்றே சொல்லிவந்தார். இன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார். மனுஷர் சந்தோஷமாகத் திரும்பிப் போகவேண்டும், ஸ்மைலினுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வந்ததும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"மாமா, இந்தப் பக்கம் வாருங்க. கொதிச்சிட்டு நிக்கியதாக்கும்."

"நிக்கிய எஞ்சின் என்னத்த செய்யும் மக்கா? ஓடட்டும், அப்ப மாறிக்கிடலாம்."

"நிக்கும்போதுதான் மாமா சூட்சமம். சும்மா நின்னா அந்த சிலிண்டருக்குள்ள ஆவி தண்ணியாயிரும். கிளம்பதுக்கு முன்ன டிரைவர் கீழ உள்ள குழாயத் தொறந்து வெளிய அடிப்பாரு. சோறு வெந்தா நாம கஞ்சி வடிக்கோம்லா, அதுமாதிரி. ஆனா இது பக்கவாட்டுல, ஆளு உயரத்துக்கு வடியும்."

யேசுரத்தினம் தலையாட்டினார். கமிட்டிக் கூட்டத்தில் மற்றவர்கள் பேசும்போது ஆட்டுகிற அதே தலையாட்டல்தான். ஆனாலும் வெளியே வந்து நின்றார்.

புறப்படும் நேரம் வந்தது. ஸ்மைலின் எஞ்சினை ஒருமுறை சுற்றிவந்தாள். கயிற்றுக்குள் ஆளில்லை. பச்சைக் கொடியைக் காட்டினாள். டிரைவர் விசிலடித்தார். கொடியைச் சுருட்டிக்கொண்டே திரும்பினாள்.

அவள் கணவன் அபினேஷ் கயிற்றுக்கு வெளியே செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். "அப்பா, ஒரு அடி பின்னால. எஞ்சின் முழுசா விழணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே சிலிண்டரை ஒட்டி, வேட்டியைச் சரிசெய்தபடி நின்றுகொண்டிருந்தார் யேசுரத்தினம். டிரைவர் இருந்தது எஞ்சினின் அந்தப் பக்கம். இங்கே நிற்பவர் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று சொல்ல நேரமில்லை.

"ஏலே! மாறுலே!"

பிளாட்பாரமே திடுக்கிட்டது. கமிட்டிச் செயலாளர் கூப்பிட்டது யாரென்று பார்க்கவில்லை, எதற்கென்று கேட்கவில்லை. செருப்பு ஒன்று கழன்றதையும் கவனிக்காமல் கயிற்றுக்கு வெளியே பாய்ந்தார். அதே நொடி அவர் நின்ற இடத்தில் சீறிக்கொண்டு அடித்தது ஆவி. ஒரே வெள்ளை. ஸ்மைலின் சிவப்புக் கொடியை வீசியதைப் பார்த்து கரி போடும் ஃபயர்மேன் டிரைவருக்குக் குரல் கொடுக்க, எல்லாம் அடங்கியது. கொதிநீரில் நனைந்து அந்த ஒற்றைச் செருப்பு மட்டும் ஆவி பறக்கக் கிடந்தது.

முதலில் பேசியவர் கமிட்டிப் பொருளாளர் ரத்தினம், யேசுரத்தினத்தின் சித்தப்பா மகன். "மாமனார ஏலேன்னு கூப்பிடுகா. நல்ல மருமொவ."

சந்தோஷமாக அனுப்பிவைக்க நினைத்த ஸ்மைலின், ஊர் பார்க்க அவர் மரியாதையைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். "மாமா, வாயில வந்துட்டு" என்றாள்.

யேசுரத்தினம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீ மருவாதயாச் சொல்லி முடிக்கியதுக்குள்ள நான் வெந்திருப்பேன் மக்கா" என்றார். பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்க அண்ணன் போன பெறவு என்னைய அப்படிக் கூப்பிட ஆளில்ல, கேட்டியா" என்றார். குரலில் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை.

அவர் ஒற்றைச் செருப்போடு போய்க் கயிற்றின் மறுபக்கத்தில் காவலுக்கு நின்றுகொண்டார். அங்கே ரத்தினம், எஞ்சினோடு செல்ஃபி எடுக்க ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்.

"ஏலே ரத்தினம், மாறுலே."

ரத்தினத்துக்கு முகம் சிவந்தது. "இத்தன பேரு நிக்கிய இடம். மருவாதயாப் பேசணும்."

"செயலாளர் எனக்கே அந்த மருவாததான் கெடச்சுது. பொருளாளர் ஒனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

ரத்தினம் காலை எடுத்தார். ஸ்மைலின் மறுபடி எஞ்சினைச் சுற்றிவந்தாள். கயிற்றுக்குள் ஒரு செருப்பைத் தவிர யாரும் இல்லை. பச்சைக் கொடியை உயர்த்தினாள்.