மேம்பாலத்தில் ஆறு சிலிண்டர்

ஒரு மனிதனின் மாட்சிமை அவன் இந்த உலகத்துக்கு விட்டுச் செல்வதில்தான் விளங்கும். அப்பா விட்டுச் சென்றது இருபத்திரண்டு வயதான ஒரு சொகுசுக் காரை. அதையும் மேம்பாலத்தின் நடுவில்.

இது மகளுக்கு மட்டுமே தெரியும். குளிர்பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீர்த்துளிகளை அவள் துடைக்கத் துடைக்க, அவை மறுபடியும் படிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் அப்பாவின் தம்பி, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆம்புலன்ஸே வேணாம், என் வண்டியில போலாம்னுட்டார். பின் சீட்டுல சாஞ்சபடியே போயிட்டார், ராஜா மாதிரி. நான் எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்! இந்த யானையைத் தள்ளிட்டு என்னை மாதிரி சின்னதா ஒண்ணு வாங்குங்கண்ணேன்னு. கடைசியில அவர்தான் ஜெயிச்சார். இன்ஜின் கைவிடல பாருங்க."

"சும்மாவா, ஆறு சிலிண்டராச்சே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், ஆறு பிள்ளைகளைச் சொல்வது போல.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

காலையில் மருத்துவமனைக்குக் காரை ஓட்டியது அவள்தான். வெப்ப முள் சிவப்பைத் தொட்டதும் அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டே, "ஹீட்டரைப் போடு, இன்ஜின் சூடு இறங்கும்" என்றார். நல்ல வெயில். நெஞ்சு வலிக்காரர் மேல் அனலை ஊதிக்கொண்டு கார் மேம்பாலம் ஏறியது. உச்சியில் நின்றது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்ப்பா."

"எதுக்கு? அஞ்சு நிமிஷம் ஆறட்டும். எடுக்கும்."

எடுக்கவில்லை. இன்னும் அஞ்சு நிமிஷம் என்றார். கார் விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மூன்றாவது ஐந்து நிமிஷத்தில் அவள் கையைப் பற்றினார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று குனிந்தாள்.

"வண்டி நின்னுச்சுன்னு உன் சித்தப்பாகிட்ட சொல்லிடாத."

அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வந்தபோது செய்ய ஒன்றும் மீதமிருக்கவில்லை.

வீட்டில், "வழியிலேயே போயிட்டார்" என்று மட்டும் சொன்னாள். கார் மருத்துவமனையில் நிற்பதாக மற்றவர்கள் தாங்களே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

எடுக்கும் நேரம் நெருங்கியபோது வாசலில் ஹாரன் கேட்டது. பழுதான வண்டிகளை ஏற்றிச் செல்லும் லாரி. அதன் முதுகில் அப்பாவின் கார். சாலையோரம் காருக்கு வைத்தியம் பார்த்தே பழகிய மெக்கானிக், கண் கலங்க இறங்கி வந்தார்.

"சார் உசுரா வச்சிருந்த வண்டிம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "மேம்பாலத்துல அநாதையா கிடந்துச்சு. கடைசியா ஒரு தடவை அவர் பக்கத்துல நிக்கட்டும்னு தூக்கிட்டு வந்தேன்."

பக்தியோடு இறக்கினார். மூக்கு வீட்டுக்குள், பின்பாதி தெருவில். கேட் அடைபட்டது. லாரி அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

அவள் திரும்பினாள். சித்தப்பா பின்னாலேயே நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"கால் மணி நேரம், சித்தப்பா."

"ஆம்புலன்ஸ்?"

அவள் கையிலிருந்த ஈரத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

சித்தப்பா கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இந்த நேரத்துல இன்ஜின் சத்தம் வேணாம்ப்பா. அண்ணன் வண்டி. மரியாதையா கையாலேயே தள்ளி உள்ள விடுவோம்."

எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள். சட்டைக் கைகளை மடித்துக்கொண்டு முன்வந்தார்கள்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பின் சீட்டின் கீழே அப்பாவின் செருப்பு ஒன்று கிடந்தது. பின்கண்ணாடி நிறையச் சித்தப்பாவின் முகம், நரம்பு புடைக்க.

ஒன்பது பேர் தள்ளினார்கள். கார் அசையவில்லை. அவள் ஹேண்ட்பிரேக்கை எடுக்க மறந்திருந்தாள்.